பதிவேட்டின் காவல்: தோம்பு முதல் தரவுத்தளம் வரை

நிலம் யாருடையது என்னும் வினாவுக்கு நிலம் விடை கூறுவதில்லை. ஏடே விடை கூறுகின்றது. ஆதலின், மண்ணைக் காப்பதினும் ஏட்டைக் காப்பது அரிதாயிற்று. நல்ல பதிவேட்டிற்கு இலக்கணம் இரண்டு. பொருந்தாத பதிவைத் தன்னுள் புகவிடாமை ஒன்று. புதியது புகும்போது பழையதை அழியவிடாமை மற்றொன்று. இவ்விரண்டையும் எழுதுவோன் நேர்மையிடம் ஒப்படைப்பதா, ஏட்டின் அமைப்பிலேயே வைப்பதா? மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கிய ஏடுகளின் வரலாறு இவ்வினாவுக்குப் படிப்படியாக விடை கண்ட வரலாறேயாகும்.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றினர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியமும் அவர்வசமாயிற்று. இறை தண்டும்பொருட்டு நிலங்களையும் உடையோரையும் எழுதிவைத்த ஏட்டினை அவர்கள் தம் மொழியில் வழங்கிய சொல்லே ‘தோம்பு’ எனத் தமிழில் நிலைத்தது. 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் அம்முறையை விரித்து, குடிகளைக் குடும்பவாரியாகக் கூறும் தோம்பும், காணிகளைக் கூறும் தோம்பும் எனத் தனித்தனியே எழுதுவித்தனர். தோம்பு பெருமுயற்சியின் பயனே. ஆயினும், அது எழுதப்பெற்ற நாளின் நிலையையே காட்டுவது. தந்தை இறந்தபின் மைந்தர் காணியைக் கூறிட்டதும், மகளுக்கு அது சீதனமாகச் சென்றதும் ஏட்டுக்கு வெளியே நிகழ்ந்தன. எவரேனும் எழுதினாலன்றி ஏடு அவற்றை அறியாது.

இக்குறையை உணர்ந்த ஏற்பாடு ஒன்றினைத் தேசவழமையிற் காணலாம். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, பன்னிரு முதலிமார் ஆராய்ந்து உடன்பட்ட அந்நூல், ஒருவர் தம் காணியை விற்குமுன் அவ்வெண்ணத்தைத் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தம் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் அறிவித்தல் வேண்டும் என்று கூறுகின்றது. பங்காளியோ உரித்தாளியோ மறுப்புரைக்க இதனால் இடமுண்டாயிற்று. மாற்றம் நிகழ்ந்தபின் வழக்காடுவதை விட்டு, நிகழுமுன் தடுத்து வினவும் முறை இது.

ஆங்கிலேயர் காலத்தில் இம்முறை மேலும் இறுகியது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிற்க எழுதிய உறுதியன்றிக் காணி கைமாறாது என விதித்தது. 1863இல் காணி உறுதிகளைப் பதியும் முறை சட்டமாயிற்று. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒரு காணிக்குரிய புதிய உறுதி, அக்காணியின் முதலுறுதி பதியப்பட்ட பக்கத்திலோ அதன் தொடர்ச்சியிலோ பதியப்படல் வேண்டும். பழைய வரி அழிக்கப்படுவதில்லை. புதிய வரி அதன்கீழ் அமர்கின்றது. இங்ஙனம் பக்கமே காணியின் வரலாறாயிற்று. ஆயினும் காவல் இன்னும் மனிதக் கையிலேயே இருந்தது. எழுத்தர் அயர்ந்தாற் காவலும் அயர்ந்தது.

இனி, கணினியின் நிலையை நோக்குவோம். 1970இல் எட்கார் கொட் என்பார், தரவுகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். அவர் பணியாற்றிய ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1976இல் கே. பி. ஈசுவரன் என்பார் ‘தூண்டி’ எனப்படும் பொறிமுறையைப் பற்றிய ஆய்வறிக்கையை எழுதினார். அம்முறை 1999இல் எஸ்.கியூ.எல். மொழியின் பொது நியமத்துள் இடம்பெற்றது.

தூண்டி என்பது அட்டவணையோடு பிணைத்துவைத்த கட்டளை. நிரை ஒன்று சேர்க்கப்படும்போதும், திருத்தப்படும்போதும், நீக்கப்படும்போதும் எவரும் ஏவாமலே அது தொழிற்படும். மாற்றத்துக்கு முன் தொழிற்படுவது ஒருவகை. ஐந்து ஏக்கர் வயலொன்றின் பங்குகளைக் கூட்டின் ஆறு ஏக்கராகுமாயின், அப்பதிவை அது ஏற்க மறுக்கும். மாற்றத்துக்குப் பின் தொழிற்படுவது மற்றொரு வகை. திருத்தப்பட்ட நிரையின் பழைய வடிவத்தை, மாற்றியவர் பெயரோடும் நேரத்தோடும் வரலாற்று அட்டவணையில் அது எழுதிவைக்கும். மாற்றம் நிலைபெறின் வரலாறும் உடன் நிலைபெறும்; மாற்றம் கைவிடப்படின் வரலாறும் கைவிடப்படும். முன்னையது மூன்று ஞாயிற்று அறிவித்தலின் பணியையும், பின்னையது 1927ஆம் ஆண்டுப் பக்கத்தின் பணியையும் செய்கின்றன எனலாம்.

இக்காவலை ஒவ்வொரு செயலியிலும் தனித்தனியே எழுதினால் ஆகாதோ எனின், ஆகாது. ஒரு தரவுத்தளத்துக்கு வாயில்கள் பல. ஒரு வாயிலிற் காவலன் இருப்பினும் மற்றொரு வாயில் திறந்திருக்கும். தூண்டியோ வாயிலில் நில்லாது பொருளின் அருகிலேயே நிற்பது.

எனினும், தூண்டியின் எல்லையையும் அறிதல் வேண்டும். கூட்டுத்தொகை தவறாத பொய்யை அது மெய்யென்றே ஏற்கும். தளத்தின்மீது முழு அதிகாரம் உடையவர் அதனை முடக்கவும் வல்லர். ஆகவே, வரலாற்று அட்டவணையைத் திருத்தும் உரிமை, நாளாந்தப் பதிவைச் செய்பவரிடம் இருத்தலாகாது.

இவையெல்லாம் பொறியியலாரின் நுண்விவாதம் என்று உயிலங்குளத்தார் கருதார். மன்னார்ப் பெருநிலத்தில் வயல்சூழ்ந்த அவ்வூர், 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின் இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடைப்பட்ட கடவையாக அறியப்பட்டது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த தமிழரும் மன்னார் மாவட்டத்திற் பலர். உறுதி இழந்து திரும்பியவர்க்கு ஏடே சாட்சி. பத்தாண்டு தடையின்றி ஆண்டவர்க்கு உரித்தளிக்கும் 1871ஆம் ஆண்டுச் சட்டம், அகதியின் மௌனத்தை இசைவாகக் கொள்ள இடந்தருவது. அதனால், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயலால் வழக்குத் தொடர இயலாதவர்க்கென 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

இன்று உடையவர் யார் என்பதை மட்டும் கூறும் பதிவு, வலியோன் பெயரையே கூறவும் கூடும். முன்னர் உடையவர் யார், எந்நாளில், யார் கையால், எவ்வாறு மாறியது என்பவற்றையும் கூறும் பதிவே எளியோனுக்கு அரண். தோம்பை எழுதியோர் அதனை இறைக்காக எழுதினர். இனி ஏடமைப்போர் நீதிக்காக அமைத்தல் வேண்டும். அந்நீதியைக் காக்கும் விதியை எழுதுவோன் நெஞ்சில் மட்டுமன்றி, ஏட்டின் உள்ளேயும் பொறித்தல் வேண்டும்.