ஒட்டகம் திருடியவர்களும் உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பும்



கடையொன்றில் பால்மா பக்கற் எடுத்துப் பிடிபட்ட ஒருவரின் வீடியோ நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. "இஸ்லாமியச் சட்டம் இருந்தால் கை போயிருக்கும்" என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வரலாறு.

ஹாதிப் (ரழி) அவர்களின் அடிமைகள் முஸைனா கோத்திரத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். கலீபா உமர் (ரழி) அவர்கள் முதலில் கையை வெட்டத்தான் கட்டளையிட்டார்கள். பிறகு எஜமானைப் பார்த்து, இவர்களை நீர் பட்டினி போடுகிறீர் போலும் என்றார்கள். ஒட்டகத்தை 400 திர்ஹத்துக்குக் கேட்டும் தான் விற்கவில்லை என்றார் உரிமையாளர். அவருக்கு 800 திர்ஹம் கொடுக்கும்படி ஹாதிபுக்கே உத்தரவு! இமாம் மாலிக்கின் முவத்தாவில் இது பதிவாகியுள்ளது.

ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஹிஜாஸில் கடும் பஞ்சம். மண் சாம்பலாய்ப் போனதால் அதற்கு 'ஆமுர் ரமாதா' என்று பெயர். அந்த ஆண்டு கை வெட்டும் தண்டனையையே உமர் (ரழி) நிறுத்தி வைத்தார்கள். மக்களின் கஷ்டம் தீரும்வரை தாமும் நெய்யைத் தொடவில்லை.

திருட்டு ஹராம்தான். அதை உமர் (ரழி) ஹலாலாக்கவில்லை. பொருளை இழந்தவருக்கு இரட்டிப்பாகக் கிடைத்தது. ஆனால் தண்டம் பசித்தவன் மீதல்ல, பசிக்க விட்டவர் மீது விழுந்தது. ஆட்களைப் பட்டினி போடுவது நட்டம் என்று ஆகிவிட்டால், எந்த எஜமான் அதைச் செய்வான்?

கடைக்காரரின் நட்டத்தை நம் ஸகாத் நிதியால் ஈடுசெய்யலாம். வீடியோவைப் பரப்பிய நம்மில் எத்தனை பேர் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று போய்ப் பார்த்தோம்?

தயவுசெய்து அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.