விசா முடிந்தும் நின்றவர்கள்

ஒருகாலத்தில் லண்டன் வர எங்கட ஆக்களுக்கு விசாவே தேவையில்லை. விமான நிலையத்தில் முத்திரை குத்தி விடுவார்கள். 1985 மே மாதத்தோடு அது போச்சு. பொதுநலவாய நாடுகளுக்குள் முதன்முதலாக இலங்கைக்குத்தான் பிரித்தானியா விசா விதித்தது. காரணம் 83க்குப் பிறகு வந்திறங்கிய நாங்கள்தான்!

தவணை முடிந்தும் நிற்பது 1971 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். ஆனாலும் நாடுகடத்துவதென்றால் மேன்முறையீடு இருந்தது; எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தார், குடும்பம் என்ன என்றெல்லாம் பார்க்கவேண்டும். 1988 இல், ஏழு வருடம் நிறையாதவர்களுக்கு அதைச் சுருக்கினார்கள். 1999 ஆம் ஆண்டுச் சட்டம் 2000 ஒக்ரோபர் 2 முதல் மிச்சத்தையும் எடுத்தது. முதல்நாளுக்குள் ஹோம் ஒபிசுக்கு விண்ணப்பித்தால் பழைய உரிமை மிஞ்சும் என்றார்கள். விசா தருவோம் என்று சொல்லவில்லை. வருடக்கணக்காக ஒளித்திருந்தவன் தானாகப் போய் விலாசம் கொடுப்பானா?

பதினாலு வருடம் நின்றால் நிரந்தர வதிவிடம் கேட்கலாம் என்றொரு வழியும் இருந்தது. அதற்கு வருடாவருடம் இங்கேதான் இருந்தேன் என்று கடிதம் காட்டவேண்டும். களவாக வேலைசெய்து, ஆற்றையோ பெயரில் எடுத்த அறையில் படுத்தவனிடம் என்ன கடிதம் இருக்கும்? 2012 ஜூலை 9 இல் அதையும் மூடி இருபது வருடமாக்கினார்கள். அதற்குக் கொடுத்ததும் முப்பது மாத விசாதான்.