மைந்தன் பெயரில் எழுந்த வடிசாலை

டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனுக்கு வெளியே, வல்பி மேட்டில், யாக்கப்சன் என்னும் வணிகர் 1847 ஆம் ஆண்டிற் பியர் வடிசாலையொன்றை நிறுவினார். ஐந்து வயது மைந்தன் கார்லின் பெயரோடு, குன்றைக் குறிக்கும் 'பேர்க்' என்னும் சொல்லையும் சேர்த்துக் கார்ல்ஸ்பேர்க் எனப் பெயரிட்டார்.

அம்மைந்தரே பிற்காலத்தில் அவருக்குப் போட்டியாளரானார். பியரை நிலவறையில் நெடுநாள் குளிரவைத்துப் பக்குவப்படுத்தல் வேண்டும் என்பது தந்தையின் கொள்கை. விரைவாகவும் மிகுதியாகவும் வடித்தலே மைந்தரின் நாட்டம். பிணக்கு முற்றவே, கார்ல் அயலிலேயே 'புதிய கார்ல்ஸ்பேர்க்' என்னும் தனி வடிசாலையை அமைத்து 1882 இல் திறந்தார். இடையே ஓடிய வீதிக்கு இருவரும் வெவ்வேறு பெயர்ப்பலகை நாட்டிச் சண்டையிட்டனர் என்பர். செல்வர் வீட்டுப் பூசலும் சில வேளை சிறுபிள்ளைப் பூசலே.

தந்தையார் 1875 இல் ஆய்வுகூடமொன்றையும், அதனைப் பேணுதற்கென அடுத்த ஆண்டில் ஒரு நிதியத்தையும் ஏற்படுத்தியிருந்தார். நிதியத்தை நடத்தும் பொறுப்பு டேனிய அறிவியற் கழகம் தெரிந்தெடுக்கும் அறிஞர்க்கு உரியது. அவ்வாய்வுகூடத்திலேயே 1883 இல் எமில் கிறிஸ்தியான் ஹான்சன் மதுவத்தின் ஒற்றைக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். பியர் கெட்டுப்போவதற்குக் காட்டு மதுவங்களே காரணமென அவர் கண்டார். யாக்கப்சனோ அத்தூய மதுவத்தைப் பூட்டிவைக்காது பிற வடிசாலைகளுக்கும் இலவசமாக வழங்கினார். அமிலத்தன்மையை அளக்கும் பீ.எச். அளவும் 1909 இல் சோரன்சன் என்பவரால் அங்கேயே வகுக்கப்பட்டது. இரசாயனம் கற்கும் மாணவருட் பலர் இதனை அறியார்.

தந்தையும் மைந்தரும் 1886 இல் இணங்கினர். மறு ஆண்டு தந்தை ரோமாபுரியில் மறைந்தார். எனினும், பழைய வடிசாலை மைந்தரைச் சேரவில்லை. மரணசாசனப்படி நிதியத்தையே சேர்ந்தது. இழந்தவர் மனம் கசந்திருத்தல் இயல்பு. கார்லோ 1902 இல் தமது வடிசாலையையும் அதே நிதியத்திடம் ஒப்படைத்தார். சிற்பக்கலைக்குக் கிளிப்தோதெக் என்னும் அரும்பொருட்சாலையை நிறுவியவரும், கடற்கரையிற் புகழ்பெற்ற கடற்கன்னிச் சிலையை 1913 இல் நகருக்கு அளித்தவரும் அவரே.

தந்தையார் வாழ்ந்த மாளிகை அறிஞரொருவருக்கு மதிப்புறைவிடமாக ஒதுக்கப்பட்டது. பௌதிக மேதை நீல்ஸ் போர் 1932 முதல் 1962 இல் இறக்கும்வரை அதில் வாழ்ந்தார்.

பேரளவிலான வடிப்பு 2008 இல் வேறு நகருக்கு மாற்றப்பட்டது. வெறுமையான வளவில் வீடுகளும் கடைகளும் கொண்ட புதிய நகர்ப்பகுதி எழுந்தது. கார்ல் 1901 இல் எழுப்பிய வாயிலை நான்கு கருங்கல் யானைகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பியர் முதிர்ந்த பழைய கட்டடமொன்று 2019 இல் விடுதியாயிற்று. அதற்கு இடப்பட்ட பெயர் ஒத்திலியா. அது கார்லின் மனைவியாரின் பெயர்.