அச்சிடாத தாள்

பெத்லகேமில் எட்டு ஆண்மக்களைப் பெற்ற ஈசாயின் மூத்த பிள்ளைகள் மூவர் அரசன் சவுலின் படையில் இருந்தார்கள். ஏலா பள்ளத்தாக்கில் பாளையமிறங்கியிருந்த அவர்களுக்கு, கடைக்குட்டி தாவீதின் கையில் அவர் கொடுத்தனுப்பியது வறுத்த தானியம் ஒரு மரக்கால், அப்பம் பத்து. அவர்களுடைய அதிபதிக்கென்று பால்கட்டி பத்து தனியாக. மேலதிகாரியையும் மறக்காத அந்தத் தகப்பனின் உலக ஞானத்தை எந்தப் பிரசங்கியாரும் விரித்துப் பேசி நான் கேட்டதில்லை. படைக்குப் போன பிள்ளைக்குப் பெற்றோர் கொடுத்தனுப்பும் பொருளைப் பற்றி எழுதப் புகுந்தால் சாமுவேலின் முதல் நூல் பதினேழாம் அதிகாரத்தில்தான் தொடங்க வேண்டும். அந்த நூல் அடங்கிய வேதாகமத்தையே பிள்ளையின் பையில் வைத்து அனுப்பும் வழக்கத்துக்கு அச்சு வரவேண்டியிருந்தது.

1643இல், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போருக்கு நடுவே, படைவீரனின் சட்டைப்பைக்கென்று ஒரு வேதாகமம் லண்டனில் வெளிவந்தது. பெயர்தான் வேதாகமம், மொத்தம் பதினாறு பக்கம். ஜெனீவா மொழிபெயர்ப்பிலிருந்து, பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து, போர்க்களத்துக்குப் பொருந்தும் வசனங்களைப் பொறுக்கித் தலைப்புவாரியாகக் கோத்திருந்தார்கள். நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல்லின் பெயரோடு சேர்த்தே இன்றும் அது பேசப்படுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல் அதைத் தேடியெடுத்து அங்கே மறுபடி அச்சிட்டார்கள்.

வேதாகமம் கவசமாகும் என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்தது. மார்பில் வைத்திருந்த புதிய ஏற்பாடு குண்டைத் தாங்கிக்கொண்டது என்று, துளைபட்ட பிரதிகளை அமெரிக்க அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். பொய் என்று சொல்ல நான் யார்? ஆனால் ராயல் ஜார்ஜ் என்ற கப்பலும் நினைவுக்கு வருகிறது. 1779இல் பிரிட்டிஷ் படையினருக்கென்று லண்டனில் தொடங்கிய வேதாகமச் சங்கம் முதன்முதலாகப் புத்தகங்களை ஏற்றியது அந்தக் கப்பலில்தான். 1782 ஆகஸ்ட் 29 அன்று, சண்டை எதுவும் நடக்காமல், ஸ்பிட்ஹெட் துறையில் நங்கூரமிட்டு நின்ற நிலையிலேயே அது மூழ்கியது. எண்ணூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இந்த நம்பிக்கை கடைச்சரக்கே ஆயிற்று. பொன்னிற எஃகுத் தகட்டை மேலட்டையாக வைத்த சிறு புதிய ஏற்பாடு, இடப்பக்கச் சட்டைப்பைக்குச் சரியான அளவில், பெற்றோரும் மனைவியரும் வாங்கி அனுப்பத் தோதாக விற்றது. உள்ளே, வேதத்தை வாசிக்கப் பரிந்துரைத்து அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1941 ஜனவரியில் எழுதிய கடிதம் அச்சாகியிருக்கும். தகடு மெல்லியது. அதை வாங்கிய தாய்மார் யாரும் கனம் அளந்து பார்த்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது மேலட்டைக்கு அடுத்தாற்போல் வரும் அச்சிடாத தாள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீரனுக்கு அரசு தந்த அடையாள வில்லை கிடையாது. உலோக வில்லையை அந்நாட்டுத் தரைப்படை ஏற்றது 1906இல். அதுவரை செத்தவன் இன்னான் என்று சொன்னவை பெரும்பாலும் அவன் பையிலிருந்த கடிதங்களும், புதிய ஏற்பாட்டின் முதல் தாளில் அவனோ வீட்டாரோ எழுதிய பெயரும் ரெஜிமெண்டும்தான்.

அதற்கு முந்தைய கதை இன்னும் விசேஷம். அமெரிக்க விடுதலைப் போரில் பணிபுரிந்தவர்களின் விதவைகளுக்கு ஓய்வூதியம் கொடுக்க 1836இல் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் இயற்றியது. திருமணம் நடந்ததற்குச் சான்று வேண்டும். பதிவேடு இல்லாத ஊர்களில் பிறப்பும் மணமும் சாவும் எழுதி வைத்திருந்த ஒரே இடம் வீட்டு வேதாகமத்தின் நடுவே விட்டிருந்த வெற்றுத் தாள்கள். அந்தக் கிழவிகள் அவற்றைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். மைமங்கிய அந்தத் தாள்கள் ஓய்வூதியக் கோப்புகளோடு தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. தாளைப் பறிகொடுத்த புத்தகங்கள் எங்கே போயினவோ.

இன்று அமெரிக்காவில் பூட் கேம்ப் போகும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தனுப்புவது? (தரைப்படைக்காரர்கள் அந்தச் சொல்லை ஏற்பதில்லை, அடிப்படைப் பயிற்சி என்பார்கள்.) மரீன் படைப் பயிற்சி பதின்மூன்று வாரம், பாரிஸ் ஐலண்டிலோ சான் டியேகோவிலோ. போய் இறங்கியதும் கைப்பேசி, உடுத்திப் போன உடை, கைச்சாமான் எல்லாம் மூட்டையாகிப் பூட்டுக்குள் போய்விடும். ஆனால் சிறிய வேதப் புத்தகத்தைப் பிள்ளை தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய் ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் நீவி, கையில் வேல் கொடுத்து அனுப்பினாள். இங்கே ஆயுதத்தை அரசாங்கம் கொடுக்கிறது. எண்ணெய் நீவலாமென்றால் வந்தவுடன் பையனின் தலையை ஒட்ட மழித்துவிடுகிறார்கள். தாய்க்கு மிஞ்சியது அந்தப் புத்தகம்.

அதற்காகத் தாத்தா காலத்துத் தோலட்டைப் பிரதியை அனுப்ப வேண்டாம். வியர்வையும் மழையும் அதற்கு ஆகாது; தொலைந்தால் பிள்ளை குற்ற உணர்ச்சியில் குமையும். மலிவானது, மெல்லியது, ஆனால் எழுத்து கண்ணை உறுத்தாதது போதும். சங்கீதப் புத்தகம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஞாயிறு காலையில் ஆராதனைக்கும் கடிதம் எழுதவும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த அசதியில் லேவியராகமம் ஓடாது. அங்கே குடியேறிய நம் குடும்பங்களில் அம்மா தமிழில் ஜெபிப்பாள், பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்கும். அச்சு ஆங்கிலமாகவே இருக்கட்டும். முதல் தாளில் அம்மா தமிழில் எழுதலாம். பெயர், தேதி, வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். புத்திமதி வேண்டாம், அதற்கு அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்பத்தோடு ஈசாய் ஒரு வேண்டுகோளையும் சொல்லியனுப்பினார்: அண்ணன்மார் நலமாயிருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களிடமிருந்து ஓர் அடையாளம் வாங்கி வா. தாவீது சாமான்களைக் காவற்காரனிடம் ஒப்படைத்துவிட்டுக் களத்துக்கு ஓடினான். பிறகு கோலியாத் வந்தான், கவண் வந்தது, பெண்களின் பாட்டும் சவுலின் பகையும் வந்தன. ஈசாய் கேட்ட அடையாளம் அவர் கைக்கு வந்து சேர்ந்ததாக அந்த நூலில் எங்கும் இல்லை.