எழுதிய கை யாருடையது? புதுச்சேரியில் தானியங்கு எழுத்து, 1910–1920

புதுச்சேரியில் ஆவி எழுத்து பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே சாட்சிதான் கூப்பிடப்படுகிறார்: ஸ்ரீ அரவிந்தர். வாழ்க்கை வரலாற்றாசிரியர்களின் பிழைகளைத் திருத்தப் பிற்காலத்தில் தம்மைப் படர்க்கையில் வைத்து அவர் எழுதிய குறிப்புகளில் இதற்கும் விளக்கம் உண்டு. சில வேளை வேறு தளத்து உயிர்கள் குறுக்கிடலாம். அவையும் பெரும்பாலும் உயர்ந்தவை அல்ல. மற்றபடி இவ்வெழுத்துகளில் பெரும்பகுதி ஆழ்மனத்தில் வேடம் கட்டி நடிக்கும் ஒரு கூற்றிலிருந்து வருவது. கல்கத்தாவில் செய்து பார்த்ததில் நிறைவில்லை. புதுச்சேரியில் இன்னும் சில முறை முயன்றபின் அடியோடு விட்டாயிற்று. இந்தச் சாட்சியத்தை அப்படியே 1910-க்குப் பொருத்துவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முன்கதை பரோடாவில் நடந்தது. தம்பி பாரீந்திரரின் கை எழுதிய சிலவற்றைக் கண்டு வியந்தே அண்ணன் இதில் இறங்கினார். மறைந்த தந்தையை அழைத்தபோது, தாம் தந்த தங்கக் கடிகாரத்தைத் தந்தை நினைவூட்டினாராம். பாரீந்திரர் மறந்திருந்த செய்தி அது. மறந்தது வேறு வாயில் திரும்பி வருவதை ஜெனீவா உளவியலாளர் தியோடர் ஃப்ளூர்னுவா 1900-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருந்தார். அதனால் கடிகாரம் பெரிய புதிரல்ல. அவர் ஆராய்ந்த பெண் முற்பிறவியில் கன்னட நாட்டு அரசி என்று பேசினாள். அந்த அரசியின் கதைக்கு மூலமாக மார்லே எழுதிய பழைய இந்திய வரலாற்று நூலொன்றை அவர் கண்டுபிடித்தார். எழுதியது யார் மனம் என்று அவரால் விரல் நீட்டிச் சொல்ல முடிந்தது.

புதுச்சேரியில் அந்த விரல் எங்கும் நீளவில்லை. 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்திறங்கிய அரவிந்தர், அக்டோபர் வரை கலவை சங்கர செட்டியார் வீட்டில் தங்கினார். ‘யோகிக் ஸாதன்’ என்ற ஆங்கிலச் சிறுநூல் தானியங்கு எழுத்தாக வந்தது அந்த நாட்களில் என்பதே வழக்கு. மாதத்தை அறுதியிட வழியில்லை. 1911-இல் ஸ்ரீரங்கம் வாணி விலாஸ் அச்சகத்தில் அச்சேறியதைப் பின் எல்லையாகக் கொள்ளலாம். செலவை ஏற்றவர் கொடியாலம் ரங்கசாமி ஐயங்கார். எழுதியது ராஜா ராம்மோகன் ராயின் ஆவி என்று ஆசிரம நினைவுகள் சொல்லும். ராய் 1833-இலேயே பிரிஸ்டலில் காலமாகிவிட்டார்.

அந்நூலில் நான் நின்று பார்க்க விரும்பும் இடம் ஒன்றே. உத்தர யோகி, அதாவது வடக்கிலிருந்து வந்த யோகி, என்ற பெயரில் அரவிந்தர் அதில் ஆசிரியராக அல்ல, பதிப்பாசிரியராக நிற்கிறார். முடிவில் தம் பங்குக்கு ஒரு பின்னுரையும் சேர்க்கிறார். இது வெறும் அடக்கம் அல்லவா என்று கேட்கலாம். ஆனால் பின்னாளில் பதிப்பாளர்கள் அவரையே ஆசிரியர் என்று அறிவித்தபோது, இது என் எழுத்தல்ல, என் குறிப்போடு வெளிவந்தது, அவ்வளவே என்று மறுத்தார்; பிழையைத் திருத்தவும் சொன்னார். அடக்கமாக இருந்தால் ஒரு முறை போதும். இரண்டாம் முறை, அதுவும் வற்புறுத்தி மறுப்பது கொள்கை. ஆழ்மனம்தான் எழுதியது என்றால் அது யாருடைய ஆழ்மனம்? தம்முடையது என்றால் ஆசிரியர் அவரே. தம்முடையது அல்ல என்றால் அந்த விளக்கம் இந்த நூலை எட்டவில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. ஆதாரம் இங்கே மெலிந்ததுதான், ஓர் அட்டைச் சொல்லும் ஒரு மறுப்பும். ஆனால் இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன.

‘சில முறை முயன்றபின் விட்டாயிற்று’ என்பதும் தாள்களோடு ஒட்டவில்லை. மாலை வேளைகளில் வீட்டார் கூடியிருக்க இது நடந்ததை 1910 இறுதியில் வந்து சேர்ந்த நளினிகாந்த குப்தர் நினைவுகூர்கிறார். பங்கிம் சந்திரர், பிரெஞ்சுப் புரட்சியின் தாந்தோன் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அரவிந்தரின் சாதனைக் குறிப்பேடுகள் 2001-இல் நூலானபோது தானியங்கு எழுத்துகளும் அதில் சேர்ந்தன. பலவற்றில் தேதி இல்லை. 1914-ஐ ஒட்டியும் 1920-ஐ ஒட்டியும் என்று பதிப்பாசிரியர்கள் உத்தேசமாக வைக்கிறார்கள். அந்த உத்தேசம் ஓரிரு ஆண்டு பிசகினாலும், பத்தாண்டு நீண்ட பழக்கத்தைச் ‘சில முறை’ என்பது பொருந்தாது. பொய் என்று நான் சொல்லவில்லை. முடிந்த ஒன்றை முதியவர் சுருக்கிச் சொல்கிறார்.

பியர் ஜானே 1889-இல் முன்வைத்த விளக்கமும் இங்கே உதவாது. மனம் தன்னைச் சேர்த்துப் பிடிக்கும் வலு குறையும்போதே கை தனியே எழுதும் என்றார் அவர். 1914 ஆகஸ்டு முதல் மாதந்தோறும் ‘ஆர்யா’ இதழைத் தம் கையால் நிரப்பிய ஒருவரிடம் அந்த வலுக்குறைவை எங்கே தேடுவது? 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாடும் ஆவேச மயக்கத்துக்கு ‘நான்’ இடம்பெயர வேண்டும் என்கிறது. சமூகம் ஏற்ற சடங்காக இருந்தால் நோயாகக் கணக்கிடாது. இங்கே ‘நான்’ பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நம்மூர்ச் சாமியாடியை நினைத்தால் விஷயம் எளிதாகிறது. அருள் வந்தபோது சொன்ன குறிக்குச் சாமி மலையேறிய பிறகு அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. வாக்கு சாமியுடையது, வாய் மட்டும் அவருடையது. பதிப்பாசிரியர் என்ற சொல் அச்சுலகத்தில் அதே ஏற்பாட்டைச் செய்கிறது என்பது என் துணிபு. வங்காளத்திலிருந்து வந்தவர் இதைத் தமிழ்நாட்டுக் கோயில் வாசலில் கற்றார் என்று வாதிட மாட்டேன்.

வாணி விலாஸ் 1911 பதிப்பின் படி ஸ்ரீரங்கத்திலோ புதுச்சேரியிலோ யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தலைப்புப் பக்கத்தையும் பின்னுரையையும் முதலில் படமெடுத்து வையுங்கள்.