நிரந்தரம் ஆக 51 ஆண்டுகள்

அஞ்சல்வழியில் பட்டம் வாங்கிய முதல் தலைமுறையினர் நம்மில் நிறைய. அதனால்தான் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழக வரலாறு நமக்கு முக்கியம். பள்ளித் தேர்ச்சி கேட்காமல் பட்டப்படிப்பில் இடம் தந்த நிறுவனம் அது. சுரங்கத் தொழிலாளியின் மகளான அமைச்சர் ஜென்னி லீ முன்னின்று உருவாக்கினார். 1969இல் சாசனம், 1971இல் பாடங்கள் தொடங்கின.

தொலைக்காட்சிப் பாடங்களைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். ஆனால் படிப்பை விட்டுவிட நினைத்த மாணவரைப் பிடித்து நிறுத்தியவர்கள் பகுதிநேர ஆசிரியர்கள். ஒப்படைப்புகளைத் திருத்தி, எங்கே தவறு, எப்படிச் சரிசெய்வது என்று எழுதி அனுப்பினார்கள். அவர்கள் திருத்தியதை இன்னொருவர் படித்துப் பார்த்து ஆலோசனை சொல்வார். கண்காணிப்புதான், ஆனாலும் புதிய ஆசிரியருக்கு அதுவே பயிற்சி.

பின்னாளில் வகுப்புகள் இணையத்துக்கு வந்தன. ஒப்பந்தம் மட்டும் பாடத்தோடு கட்டப்பட்டே கிடந்தது: பாடத்தை நிறுத்தினால் வேலையும் போகலாம். பயிற்சி தருவார்களாம், உறுதி தரமாட்டார்களாம்! இதை ஆதரவு என்று நாம் ஏற்க முடியாது. தொழிற்சங்கம் பல ஆண்டுகள் பேசிப் போராடியது. 2022 ஆகஸ்டில் 4,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் நிரந்தர ஒப்பந்தத்துக்கு மாறினார்கள்.