காவல் நிலையத்து மௌனம்: 161(2)-இன் பிறப்பு வழி

இந்தியாவில் மௌனம் காக்கும் உரிமையைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் 1978-இல் வந்த நந்தினி சத்பதி வழக்குத் தீர்ப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சரான அவர் கட்டாக் விஜிலன்ஸ் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டார். எழுத்தில் நீட்டிய கேள்விகளுக்கு விடை தர மறுத்ததால் தண்டனைச் சட்டம் 179-ஆம் பிரிவின்கீழ் அவர்மீது வழக்குப் பாய்ந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய அத்தீர்ப்பு, விசாரணைக்கு உட்பட்டோருக்குச் செய்த நன்மை பெரிது. அதன் சட்ட முடிவை நான் மறுக்கவில்லை. அது வரையும் வம்சாவளியைத்தான் மறுக்கிறேன்.

கிருஷ்ணய்யரின் வாசிப்பில், குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3) மூலநூல். குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 161(2) அதற்கு நாடாளுமன்றம் எழுதிய உரை. இரண்டின் பொருளும் ஏறத்தாழ ஒன்றே என்கிறார். 20(3)-ஐ விளக்க, காவலில் இருப்பவரின் மௌன உரிமை பற்றிய அமெரிக்காவின் 1966 மிராண்டா தீர்ப்பை விரிவாகத் துணைக்கு அழைக்கிறார். இந்த வழியில் பின்னோக்கிப் போனால் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம், அதற்கும் அப்பால் இங்கிலாந்தின் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தின் முன் சத்தியம் செய்ய மறுத்த ஜான் லில்பர்ன் என்று போய்ச் சேருவோம். மனச்சாட்சியைக் காக்கப் பிறந்த உரிமை என்ற சித்திரம் அப்படித்தான் உருவாகிறது.

1973-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தை மட்டும் கையில் வைத்திருந்தால் இது பொருந்தும். ஆனால் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே 161(2) இருக்கிறது. அரசியலமைப்புக்கு அரை நூற்றாண்டு மூத்த பிரிவு அதற்கு உரையாக இருக்க முடியாது. அதன் வாசகத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். காவல் அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமை உண்டு. குற்றச்சாட்டுக்கோ, தண்டத்துக்கோ, உடைமை பறிபோவதற்கோ இட்டுச்செல்லக்கூடிய விடைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 20(3) குற்றம் சாட்டப்பட்டவரோடு நின்றுவிடுகிறது. 161(2)-ஓ வழக்கின் விவரம் தெரிந்தவராகக் கருதப்படும் எவரையும் தழுவுகிறது. தண்டம், உடைமை இழப்பு பற்றி 20(3)-இல் பேச்சே இல்லை. மூலத்தைவிட உரை அகலமாக இருக்கிறதென்றால், நாம் மூலம் என்று தவறானதைப் பிடித்திருக்கிறோம்.

அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? மனச்சாட்சியே காரணமென்றால் நீதிமன்றத்திலும் இதே விலக்கு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. 1872 சாட்சியச் சட்டம் 132-ஆம் பிரிவின்படி, தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கும் சாட்சி விடை சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அந்த விடையை அவருக்கு எதிராகப் பயன்படுத்தத்தான் தடை இருந்தது. 1898 சட்டத்தின் 342-ஆம் பிரிவு, நீதிமன்றத்தில் வாய் திறக்காத குற்றம் சாட்டப்பட்டவரைத் தண்டிக்காது; ஆனால் அந்த மௌனத்திலிருந்து நீதிமன்றம் தன் முடிவுக்கு வரலாம் என்றது. நீதிபதி முன் மௌனத்துக்கு விலை இருந்தது. காவல் அதிகாரி முன் அதற்குப் பாதுகாப்பு இருந்தது. ஆட்சியாளர் அஞ்சியது கேள்வியைப் பார்த்தல்ல, கேட்பவரைப் பார்த்து என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அந்த அச்சத்தின் தடம் சென்னையில் கிடைக்கிறது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் மூவரும் அடங்கிய சித்திரவதை விசாரணை ஆணையம் 1855-இல் அறிக்கை தந்தது. வரி வசூலித்த சிப்பந்தியே திருடனையும் பிடித்த காலம் அது. விரல்களை நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாளும் அந்த ஆங்கில அறிக்கைக்குள்ளேயே நம் சொற்களாக நுழைந்திருக்கின்றன. நம் ஊர் உழவர்களின் கையும் முதுகும் பட்ட பாட்டின் பதிவு அது. ஆறே ஆண்டுகளில் 1861 குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு, காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. அதுவே 1872-இல் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவானது.

அறிக்கையிலிருந்து சட்டத்துக்கு நேர்க்கோடு இழுக்க என்னிடம் ஆவணம் இல்லை. வங்காளத்துத் தரோகாக்கள் எனும் காவல் அதிகாரிகள் மீதான அவநம்பிக்கை இதற்கும் பழையது. அதன் பங்கை எடைபோடாமல் சென்னைக்கே முழு உரிமை கோர முடியாது. 161(2)-இன் விலக்கு முதன்முதலில் எந்த ஆண்டின் சட்டத்தில் புகுந்தது என்பதையும் இங்கே முடிவு கட்டவில்லை. 1898-இல் இருந்தது என்பதே என் வாதத்துக்குப் போதும். ஆனாலும், லண்டனின் லில்பர்னைவிடத் தஞ்சாவூர், மதுரைச் சாவடிகள் இந்தப் பிரிவுக்கு நெருங்கியவை என்பதில் எனக்குத் தயக்கமில்லை. 132, 161 இரண்டும் ஒரே ஆட்சியில் அருகருகே நின்றதை மனச்சாட்சிக் கோட்பாட்டால் விளக்கவே முடியாது.

வம்சாவளி மாறினால் நடைமுறையும் மாறுகிறது. சாட்சி என்று அழைத்து உட்காரவைக்கப்படுபவர், தான் இன்னும் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லையே என்று தயங்கத் தேவையில்லை. 1973 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-இன் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180-ஆம் பிரிவிலும் அந்த விலக்கு தொடர்கிறது.

என் வாசிப்புக்கு எதிரான வலுவான தடை சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்துப் பொருள் கண்டெடுக்கப்பட்டால், சொல்லின் அந்தப் பகுதி செல்லும் என்றது அது. அடியை அஞ்சிய சட்டம் இந்தக் கதவை ஏன் திறந்துவைத்தது? 1961-இல் கதி காலு ஓகத் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்தும் இப்பிரிவு நிலைத்தது. ஒருவேளை அன்றைய சட்டம் இயற்றியோருக்கு வலியைவிடப் பொய்யான ஒப்புதலே பெரிய கவலையாக இருந்திருக்கலாம். அப்படியென்றால், நான் சொல்லும் அவநம்பிக்கையை இரண்டாகப் பிரித்துத்தான் ஆராய வேண்டியிருக்கும்.